செத்த கடனுக்கு ஒரு கையெழுத்து

மீன் வண்டிக்கு நீலம் அடிப்பதா வெள்ளை அடிப்பதா என்று இம்கே ஒரு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் இரண்டையும் அடித்து முடித்து, முழங்கை வரை பெயின்டோடு வீட்டுக்கு வந்தபோது, வாசலில் ஒரு சாம்பல் நிறக் கார் நின்றது. நம்பர் நம்ம மாவட்டத்து நம்பர்தான். புருஷன் ஒக்கோவின் பாட்டுக் கோஷ்டி ஆள் யாராவது வந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டு பின்கதவு வழியாக உள்ளே போனாள்.

சமையலறை மேசையில் ரோஜாப்பூப் போட்ட கோப்பைகள் இருந்தன. கிறிஸ்துமஸுக்கும் சாவுக்கும் மட்டும் அலமாரியை விட்டு இறங்குகிற கோப்பைகள். ஒக்கோ, ஆறடி மனுஷன், முப்பது வருஷமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டி ஒரு தகரத்தைக்கூட உரசாதவன், வாத்தியார் முன்னால் நிறுத்தப்பட்ட பையன் மாதிரி உட்கார்ந்திருந்தான். எதிரே ஓர் ஆள், அறுபது வயது இருக்கும், நல்ல கம்பளிச் சட்டை, மடியில் தோல் பை.

"மொய்ன் இம்கே! வா வா, உக்காரு. உன் வீட்டுல வந்து உன்னையே உக்காரச் சொல்றேன் பாரு, என்னை என்ன சொல்ல!" என்று எங்கள் பக்கத்து 'மொய்ன்' வணக்கத்தோடு அந்த ஆள் சிரித்தார். "நான் எய்லர்ட் ரேம்ட்ஸ். கால்வாய்க்கு அந்தப் பக்கம் ரேம்ட்ஸ் வீடு இருக்கே, அது எங்க பெரியப்பா வீடு. உங்கம்மாவை எனக்கு நல்லாத் தெரியும்."

"சந்தோஷம். என்ன விஷயம்?"

"முதல்ல தேத்தண்ணி குடி. அப்புறம் பேசலாம்."

சர்க்கரைக் கிண்ணத்துக்கு அடியில் மஞ்சளாக ஒன்று எட்டிப் பார்த்தது. மஞ்சள் உறை என்றால் எங்கள் பக்கத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும், அது கோர்ட்டிலிருந்து வருவது. தபால்காரர் அதைக் கையில் கொடுத்து, உறையின் மேலேயே தேதியை எழுதிவிட்டுப் போவார். அன்றிலிருந்து இரண்டு வாரம் கெடு. இம்கே கிண்ணத்தை நகர்த்திவிட்டு உறையை எடுத்தாள். ஏற்கனவே பிரித்திருந்தது.

பழைய உணவகத்துக்குக் குளிர் அறை கட்டிய கடன். ஒன்பதாயிரத்துச் சொச்சம், வட்டி குட்டி போட்டு, இப்போது பதினேழாயிரத்து இருநூறு யூரோ. கேட்கிறவன் அன்றைக்குக் கடன் கொடுத்தவன் அல்ல, அவனிடமிருந்து அதை வாங்கிய ஹனோவர் வசூல் கம்பெனி. இந்தக் கடன் செத்துப்போன கடன். அதைச் சாகடிக்க அவள் பட்ட பாடு அவளுக்கல்லவா தெரியும்!

துறைமுகத்தில் அவளுக்கு ஒரு மீன் உணவகம் இருந்தது. கடலணையை உயர்த்துகிறோம் என்று ரோட்டைத் தோண்டிப்போட்டார்கள், இரண்டு கோடைக்கு ஒரு சுற்றுலாக்காரன் எட்டிப் பார்க்கவில்லை. உணவகம் மூழ்கியது. இம்கே திவால் மனு கொடுத்தாள். அதன்பிறகு ஆறு வருஷம், இறால் கம்பெனியில் ரப்பர் பூட்ஸோடு நின்று சம்பாதித்ததில் வயிற்றுக்குப் போக மிச்சத்தையெல்லாம் கோர்ட் வைத்த ஆளிடம் கட்டினாள். ஒரு செல்போன் கனெக்‌ஷன் எடுக்கக்கூட வழியில்லை. ரொட்டிக்கடையில் இவளைக் கண்டால் பேச்சு நிற்கும். ஆறாவது வருஷம் முடிந்ததும் மிச்சக் கடனிலிருந்து விடுதலை என்று நீதிபதி எழுதிக் கொடுத்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஓவென்று அழுதாள். சந்தோஷத்தில்தான்.

அதற்கப்புறம் சேர்த்த காசில் வாங்கியதுதான் இந்த மீன் வண்டி. வருகிற சனிக்கிழமை துறைமுகத்தில் திறப்பு. இந்த மஞ்சள் உறைக்கு மறுப்பு போகாமல் இருந்தால் கடன் மறுபடி உயிரோடு எழுந்து உட்கார்ந்துகொள்ளும். முதலில் ஜப்திக்குப் போவது வண்டியாகத்தான் இருக்கும்.

"இது சட்டப்படி செல்லாது" என்றாள். "எனக்குத் தீர்ப்பு இருக்கு. தெரியாமலா கோர்ட்டு இதை அனுப்புச்சு?"

"கோர்ட்டு எங்கே பாக்குது?" ரேம்ட்ஸ் பெருமூச்சு விட்டார், ஏதோ அவருக்கே அதில் வருத்தம் என்பது போல. "கட்டணத்தைக் கட்டி எவன் கேட்டாலும் அனுப்பும். உனக்கு ஆட்சேபம்னா அந்தக் கட்டத்துல ஒரு டிக் அடிச்சு அனுப்பணும். அனுப்பலைன்னா ஒத்துக்கிட்டேன்னு அர்த்தம். அவ்வளவுதான்."

இம்கே உறையைத் திருப்பினாள். தபால்காரர் எழுதிய தேதியைப் பார்த்தாள். கெடு நாளையோடு முடிகிறது.

"ஒக்கோ, இது எப்ப வந்துச்சு?"

ஒக்கோ மேசைவிரிப்பின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தான். "நீ வண்டிக்கு டயர் வாங்கப் போனியே, அன்னிக்கு."

"என் கையில ஏன் தரலை?"

"நீ அன்னிக்குத்தான் பாட்டுப் பாடிக்கிட்டே வந்தே" என்றான். "எத்தனை வருஷமாச்சு நீ பாடி. சனிக்கிழமை வரைக்கும் நிம்மதியா இருக்கட்டும்னு நினைச்சேன். நானே அவங்களுக்குப் போன் பண்ணேன். மாசாமாசம் ஏதாவது கட்டி முடிச்சிரலாம்னு..."

"மாசாமாசம்!" இம்கே உறையை மேசையில் அறைந்தாள்.

இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி ரேம்ட்ஸ் தோல் பையைத் திறந்தார். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவனுக்கு மூன்று கோப்பை தேநீர் உரிமை. மூன்று முடியும் முன்னால் எழுந்திரு என்று சொன்னால் அது செருப்பால் அடித்ததற்குச் சமம். ஹனோவர் கம்பெனிக்காரன் இதைத் தெரிந்துகொண்டுதான் நம்ம ஊர் ஆளாகப் பார்த்து வேலைக்கு வைத்திருந்தான். வெளியூர்க்காரன் வந்தால் வாசலோடு போய்விடுவான். ரேம்ட்ஸ் என்றால் உள்ளே வருவார், முதல் கோப்பைக்கு மழையைப் பற்றிப் பேசுவார், இரண்டாவதுக்கு யார் யார் செத்தார்கள் என்று பேசுவார், மூன்றாவதுக்குப் பேப்பர் வெளியே வரும். அவருடைய கோப்பையில் இரண்டாவது முடிந்து கற்கண்டு மட்டும் அடியில் கிடந்தது.

"பாரு இம்கே, கடனைக் கேட்கக் கூடாதுன்னுதானே கோர்ட்டு சொல்லுச்சு? கடனே இல்லைன்னு சொல்லலையே. மாசம் எண்பது யூரோ. இங்க ஒரு கையெழுத்து. நாளைக்கே கோர்ட் மனுவை நாங்க வாபஸ் வாங்கிக்கறோம். ஊர்ல தலை நிமிர்ந்து நடக்கலாம். இவர் முகத்தைப் பாரு, பாவம், ஒரு வாரமாத் தூக்கமில்லை மனுஷனுக்கு."

அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போட்டால் பழைய கடன் செத்தது செத்ததுதான், ஆனால் அதே தொகைக்குப் புதுக் கடன் ஒன்று பிறந்துவிடும். மாசம் எண்பது கட்டினால் வட்டிக்கே சரியாகப் போகும். சாகும்வரை கட்ட வேண்டியதுதான். திவாலானபோது கடன் ஆலோசனை மையத்துப் பெண் அவளிடம் தலைபாடாக அடித்துக்கொண்டு சொல்லியனுப்பிய ஒரே விஷயம் இது: எவன் வந்தாலும், எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், எதிலும் கையெழுத்துப் போடாதே.

"இதை நீங்க என்ன விலைக்கு வாங்கினீங்க?" என்று கேட்டாள்.

"நீங்களா? அட, நம்ம ஊர்க்காரங்களுக்குள்ள என்ன 'நீங்க'?"

"எனக்கு நீங்க 'நீங்க'தான். என்ன விலை?"

"அதெல்லாம் கம்பெனி ரகசியம்மா."

"மூட்டையாத்தானே வாங்கியிருப்பீங்க? நூறு யூரோ கடன் ஒண்ணு ரெண்டு யூரோவுக்கா? நாறிப்போன மீனை மூட்டையா வாங்கி, ஐஸ் மேல பரப்பி, இன்னிக்குப் பிடிச்சதுன்னு விக்க வந்திருக்கீங்க. துறைமுகத்துல அப்படி விக்கறவனை என்ன செய்வாங்கன்னு உங்க பெரியப்பாகிட்ட கேட்டுப் பாருங்க."

"இம்கே!" என்றான் ஒக்கோ. அவன் காதுமடல் சிவந்துவிட்டது. பேச்சை மாற்ற அவனுக்குத் தெரிந்த ஒரே வழி தேநீர்தான், தன்னையறியாமல் அவன் கை கெண்டியை நோக்கிப் போனது.

இம்கே முந்திக்கொண்டாள். கெண்டியைத் தூக்கினாள், பாத்திரம் கழுவும் தொட்டியருகே போனாள், மூடியைத் திறந்து அத்தனை தேநீரையும் இலையோடு கவிழ்த்தாள். தொட்டியிலிருந்து ஆவி எழுந்தது. மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒக்கோவின் வம்சத்தில் யாரும் இப்படி ஒன்றைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள்.

"உங்கம்மா மட்டும் இதைப் பாத்திருந்தா..." என்று ரேம்ட்ஸ் ஆரம்பித்தார்.

"எங்கம்மா இருந்திருந்தா ரெண்டாவது கோப்பையே கிடைச்சிருக்காது. கதவு அந்தப் பக்கம்."

ரேம்ட்ஸ் அவசரப்படவில்லை. பேப்பர்களை அடுக்கினார், பையை மூடினார், ஒக்கோவின் தோளில் ஒரு தட்டு தட்டினார். வாசலில் நின்று, "இன்னிக்குத் தபால் மத்தியானமே போயிருச்சு. நாளைக்குப் போட்டா நாளைக்கே எப்படிப் போய்ச் சேரும்?" என்று அக்கறையாக விசாரித்துவிட்டுத்தான் காரில் ஏறினார். இவ்வளவு அவமானப்பட்ட மனுஷன் இத்தனை சாவகாசமாகப் போகிறாரே என்று இம்கேவுக்கு லேசாக உறுத்தியது. ஆனால் அதை யோசிக்க நேரமில்லை.

உறையோடு வந்த படிவத்தை மேசையில் விரித்தாள். மொத்தத் தொகையையும் மறுக்கிறேன் என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். கையெழுத்துப் போடும்போது பெருவிரலின் நீலம் தாளில் ஒட்டிக்கொண்டது. ஒட்டிக்கொள்ளட்டும் என்று விட்டாள்.

"இதை அனுப்பின ஊல்ட்சன் கோர்ட்டுக்கே நாளைக்கு நேர்ல கொண்டுபோறேன்" என்றாள்.

"மூணு மணி நேரம் ஆகும். நாளைக்குக் காலைல வண்டியோட கேஸ் அடுப்பு இணைப்பைப் பாக்க ஆபீஸர் வர்றாரே, உன் பேர்ல உள்ள வண்டி, நீ இல்லாம பாக்கமாட்டாரே. அவர் பாக்கலைன்னா சனிக்கிழமை வண்டியைத் திறக்க முடியாதே."

"திறக்க வேண்டாம். சனிக்கிழமை போனாப் போகட்டும். வண்டி போகக் கூடாது."

ஆபீஸருக்குப் போன் செய்தாள். அவர் சிடுசிடுத்தார், ஈஸ்டர் முடிந்துதான் இனி வர முடியும் என்றார். சரி என்று வைத்தாள். வைத்த பிறகுதான் கண் கலங்கியது. ஈஸ்டர் கூட்டம் முழுக்கக் கைவிட்டுப் போயிற்றே! அந்த நான்கு நாள் வியாபாரத்தை நம்பித்தான் மீனுக்கும் பன்னுக்கும் முன்பணம் கொடுத்திருந்தாள்.

மறுநாள் காலையில் காரை ஒக்கோதான் ஓட்டினான். வழியெல்லாம் இவள் கோபமாக இருந்தாள். அவன் எதையோ மென்று முழுங்கிக்கொண்டிருந்தான். இரண்டு முறை வாயைத் திறந்தான், இரண்டு முறையும் மழை வரும்போல இருக்கிறது என்றான்.

கோர்ட்டில் ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் படிவத்தை வாங்கினாள், நீல விரல் ரேகையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள், தேதி முத்திரையைக் குத்தினாள், நகலிலும் ஒன்று குத்தித் திருப்பிக் கொடுத்தாள்.

"அவ்வளவுதானா?" என்று இம்கே கேட்டாள்.

"அவ்வளவுதான். இனிமே அவங்களுக்கு வேணும்னா கேஸ் போட்டு நிரூபிக்கணும். உங்ககிட்ட விடுதலைத் தீர்ப்பு இருக்குன்னா அந்தப் பக்கமே வரமாட்டாங்க."

வெளியே வந்ததும் இம்கேவுக்குப் பசித்தது. முந்தின நாள் மத்தியானத்துக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கார் நிறுத்துமிடத்தில் காரின் முன்பக்கத்தில் சாய்ந்துகொண்டு, ஒக்கோ கட்டிக்கொண்டு வந்திருந்த சீஸ் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டாள். அப்பாடா என்று இருந்தது. கோபம்கூடக் கொஞ்சம் இறங்கிவிட்டது.

"அந்த ஆள் மூஞ்சியைப் பாத்தியா, கெண்டியைக் கவுத்தப்ப?" என்று சிரித்தாள். "நீ ஏன் சாப்பிடலை? இந்தா."

ஒக்கோ ரொட்டியை வாங்கவில்லை. "இம்கே, நான் கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றான்.

"எதுல?"

"அவர்கிட்ட. நீ வர்றதுக்கு முன்னாடியே. என் பேர்ல. நீ போடமாட்டேன்னு எனக்குத் தெரியும். அதனால நான் கட்டறேன்னு எழுதிக் கொடுத்துட்டேன். மாசம் நூத்தைம்பது."

இம்கே ரொட்டியைக் காரின் மேல் வைத்தாள். அதனால்தான் அந்த ஆள் அத்தனை சாவகாசமாகப் போயிருக்கிறார்! மூன்றாவது கோப்பை அவருக்கு உபரிதான். முதல் கோப்பையிலேயே வேலையை முடித்துவிட்டார். அவளுடைய பழைய கடனுக்குத் துளியும் சம்பந்தமில்லாத, ஒருத்தனிடமும் ஒரு சென்ட் பாக்கி வைக்காத மனுஷனைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்.

"உனக்குப் புத்தி இருக்கா?" அவள் போட்ட சத்தத்தில், கோர்ட் படியில் நின்ற இரண்டு வக்கீல்கள் திரும்பிப் பார்த்தார்கள். "உன் பேரு அந்தக் கடன்ல இருந்துச்சா? ஒரு எழுத்து இருந்துச்சா? கடையைத் தொடங்கும்போதே உன் பேரு வேண்டாம், ஒருத்தராவது கரையில நிக்கணும்னு நான்தானே சொன்னேன்? எதுக்குடா போட்டே?"

"கத்தாதே."

"கத்துவேன்! எதுக்குப் போட்டே, சொல்லு!"

ஒக்கோ கார் சாவியை உள்ளங்கையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். "ஆறு வருஷம் நீ மட்டும்தான் திவாலா இருந்தே" என்றான். "சட்டமே அப்படித்தான் சொல்லுச்சு. எனக்குச் சம்பந்தமில்லை. நீ குளிர்ல நின்னு வெடிச்ச கையோட வருவே. நான் வாசலாண்ட உன் பூட்ஸைக் கழட்டி விடுவேன். அவ்வளவுதான் என்னால முடிஞ்சது. ஊர்க்காரங்க உன்னைப் பாத்துத்தான் பேச்சை நிறுத்துவாங்க, என்கிட்ட நல்லாத்தான் பேசுவாங்க. எனக்கு அது எப்படி இருந்துச்சுன்னு நீ ஒருநாளும் கேட்டதில்லை. அந்த ஆள் வந்து, நீ தூக்கிக்கிறியான்னு கேட்டப்ப... எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு இம்கே. இந்தத் தடவையாவது பாதி என் தோள்ல வரட்டும்னு."

அவன் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி அவள் கேட்டதே இல்லை. ஆறு வருஷமும் இவனைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். கரையில் நிறுத்தி வைத்ததாக. கரையில் நிற்கிறவனுக்கு என்ன கஷ்டம் என்று அவளும்தான் நினைத்தாள். பாவி மனுஷன், வாயைத் திறந்து சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா!

ஆனால் அழுதுகொண்டு நிற்கிற நேரமில்லை இது. முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"உனக்கு ஒரு நகல் கொடுத்தானா?"

கொடுத்திருந்தார். ஒக்கோ அதைச் சட்டையின் உள்பையில் நான்காக மடித்து வைத்திருந்தான். இம்கே பிரித்துப் பின்பக்கத்தைத் திருப்பினாள். அடியில் எறும்பு எழுத்தில் இருந்தது, வீட்டுக்கு வந்து வாங்கின கையெழுத்தை இரண்டு வாரத்துக்குள் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்று.

"வாக்யூம் கிளீனர் விக்க வர்றவனுக்கும் இதே சட்டம்தான்" என்றாள். "டிக்கில தாள் இருக்கா? எடு. பேனாவையும் எடு."

ஒக்கோ அசையவில்லை. "வாக்குக் கொடுத்துட்டேன். நம்ம வீட்டு மேசைல உக்காந்து கொடுத்த வாக்கு."

"யாருக்குக் கொடுத்தே? எனக்குத் தெரியாம, என் கடனுக்கு, என்னைக் கேக்காம, எவனோ ஒருத்தனுக்கு! என்கிட்ட கொடுத்தியா?" அவள் அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள். "உனக்குப் பாதி வேணும், அதானே? கேட்டிருந்தா கொடுத்திருப்பேனே. செத்துப்போனதுல எதுக்குப் பாதி கேக்கறே? வண்டில பாதி எடுத்துக்கோ. பஸ் லீவு நாளெல்லாம் வந்து நில்லு. ஹெர்ரிங் மீன் சுத்தம் பண்ணு, வெங்காயம் நறுக்கு, வியாபாரம் இல்லாத அன்னிக்கு என்கூட நின்னு அழு. வண்டி மூழ்குச்சுன்னா ரெண்டு பேரும் சேர்ந்து மூழ்குவோம். அது நம்ம கடன். இது அவனோட மீன், நாறின மீன். இதை உன் தோள்ல நான் ஏத்தவிடமாட்டேன்."

ஒக்கோ அவளைப் பார்த்தான், கோர்ட் கட்டிடத்தைப் பார்த்தான். பிறகு டிக்கியைத் திறந்து, பள்ளிப் பேருந்துக் குறிப்புகளுக்கு வைத்திருந்த அட்டையிலிருந்து ஒரு தாளைக் கிழித்தான். காரின் முன்பக்கம் எஞ்சின் சூட்டில் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அதன்மேல் தாளை வைத்துக் குனிந்தான். மதிப்பிற்குரிய ஐயா என்று எழுதி நிறுத்தினான்.

"இந்த ஆளுக்கு எதுக்கு மதிப்பிற்குரிய?" என்றாள்.

"கடிதம்னா அப்படித்தான் எழுதணும்." அதை அவன் அடிக்கவில்லை. "காரணம் என்னன்னு போடறது?"

"காரணம் வேண்டாம். திரும்பப் பெறுகிறேன்னு மட்டும் போடு."

அவன் எழுதினான். பெரிய, உருண்டையான எழுத்தில், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. கையெழுத்துப் போட்டான். போட்டு முடித்த பிறகும் பேனாவை எடுக்கவில்லை. பிறகு, சட்டம் கேட்காத ஒரு வரியை, அவளைக் கேட்காமலேயே, கீழே சேர்த்தான்: என் மனைவியிடம் வேறு கடன் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.